பசுமை எல்லாம் காடல்ல: மொரீஷியஸ் மலைப்பாதையின் இயல் தாவரங்களும் ஆக்கிரமிப்புத் தாவரங்களும்

மொரீஷியஸ் தீவின் தென்மேற்கு மேட்டுநிலத்தில், பெத்ரேன் என்னும் இடத்திலிருந்து ஒரு நடைபாதை புறப்படுகிறது. குட்டையான புதர்க்காட்டைக் கடந்து, மக்காபே காட்டின் முகட்டை ஒட்டிச் சென்று, பள்ளத்தாக்கில் செங்குத்தாக இறங்கி, பிளாக் ரிவர் ஆற்றின் கரையில் முடிகிறது. ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையில் நடப்பவருக்குக் கண்ட திசையெல்லாம் பச்சை. மனிதக் கை படாத வெப்பமண்டலக் காடு இதுவே என்று நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலான பயணிகள் ஊர் திரும்புகிறார்கள்.

தாவரம் அறிந்தவர் அதே பாதையில் வேறொன்றைக் காண்கிறார். பாதையின் இருபுறமும் வேலிபோல் நெருங்கி நிற்கும் வழவழப்பான தண்டுகள் பிரேசில் நாட்டுக் கொய்யா இனம். அதனோடு தோள் உரசி நிற்கும் பிரிவெட் என்னும் புதர்ச்செடி, இலங்கையிலிருந்து வந்தது. சரிவுகளில் இலைகளை விரித்து நிற்கும் விசிறிவாழை மடகாஸ்கருக்கு உரியது. பள்ளத்தாக்கில் மரத்தலைகளைப் போர்த்திக் கிடக்கும் கொடியோ நம் ஊர்க் குருக்கத்தி. இவற்றுக்கு நடுவே, உலகில் வேறெங்கும் இல்லாத மரங்கள் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன. அவற்றின் காலடியில் அவற்றின் கன்றுகளைத் தேடினால் அனேகமாகக் கிடைப்பதில்லை.

இந்தத் தீவுக்கு உரிய தாவரங்கள் எவை, வெளியிலிருந்து வந்தவை எவை, வந்தவற்றில் காட்டைக் குலைப்பவை எவை, அவற்றை அகற்றினால் காடு மீளுமா என்னும் கேள்விகளை 1930களிலிருந்து தாவரவியலாளர்கள் இங்கே கேட்டுவருகிறார்கள். அவர்கள் கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்து, எங்கே உறுதியான விடை கிடைத்திருக்கிறது, எங்கே விவாதம் தொடர்கிறது என்று காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எந்தத் தாவரமும் பிறப்பால் தீயதில்லை. ஆனால் ஒரு தீவின் காடு பல்லாயிரம் ஆண்டு உறவுகளால் நிற்கிறது. அந்த உறவுகளை அறுக்கும் தாவரத்தை அகற்றுவது மனிதரின் கடமை. களை பறித்தல் பழைய காட்டை முழுவதும் திருப்பித் தராது. அதைச் செய்யாமல் வேறு எதுவும் பலிக்காது.

தீவின் சொந்தக் காடு

மடகாஸ்கருக்குக் கிழக்கே 800 கிலோமீட்டருக்கும் அப்பால், எரிமலைக் குழம்பில் பிறந்த தீவு மொரீஷியஸ். வயது ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகள். எந்தக் கண்டத்தோடும் அது ஒட்டியிருந்ததில்லை. ஆகவே இங்குள்ள ஒவ்வொரு தாவரத்தின் மூதாதையும் காற்றிலோ கடல்நீரிலோ பறவையின் வயிற்றிலோ வந்து இறங்கியிருக்க வேண்டும். அப்படி வந்தவை மிகச் சில. வந்த சிலவும் தனித்திருந்து புதிய இனங்களாகக் கிளைத்தன. இன்று தீவில் இயல்பாக வளரும் பூக்கும் தாவர இனங்கள் ஏறக்குறைய 690 என்று கணக்கிடுகிறார்கள். அவற்றுள் 270 அளவிலான இனங்கள் மொரீஷியஸில் மட்டுமே வாழ்பவை.

தமிழ் வாசகருக்கு இந்தக் காடு முற்றிலும் அந்நியமானதல்ல. கருங்காலி, நாவல், மகிழம், தாழை, உருத்திராட்சம், கருங்குங்கிலியம் ஆகியவற்றின் பேரினங்களைச் சேர்ந்த மரங்களே இங்கும் நிற்கின்றன; இனங்கள் மட்டும் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரக் குடும்பங்கள், கடல் நடுவே தனித்து வாழ்ந்து வேறு முகம் கொண்டால் எப்படியிருக்கும் என்பதற்கு மக்காபே ஒரு விடை.

பாதையின் தொடக்கத்தில், பெத்ரேனில், மண் வளமற்றது, மழை மிகுதி. அங்கே மரங்கள் குட்டையாகி, தாழை இனங்களும் எரிக்கா வகைப் புதர்களும் ஓங்குகின்றன. தீவின் தாழை இனங்கள் பல, கன்றாக இருக்கும்போது ஒரு வடிவிலும் முதிர்ந்தபின் வேறு வடிவிலும் இலை விடுகின்றன. வேறு பல மரங்களிலும் இதே வழக்கம் உண்டு. ஒரு காலத்தில் இந்தக் காட்டை மேய்ந்த பெரிய நில ஆமைகளின் வாயிலிருந்து கன்றுகள் தப்புவதற்கான ஏற்பாடு இது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

மக்காபேயில் மரங்கள் உயர்கின்றன. ஆனால் தென்கிழக்காசிய மழைக்காடுகளின் உயரம் இங்கே இல்லை. புயல் அடிக்கடி வரும் தீவில், தாழ்வாக, மெதுவாக, இறுகிய வைரத்தோடு வளர்வதே இந்த மரங்களின் வழி. புயலுக்குத் தாக்குப்பிடிக்க உதவிய அந்த நிதானமே, வேகமாக வளரும் அயல் தாவரங்களோடு போட்டி என்று வந்தபோது பாதகமாயிற்று.

உறவுகளால் நிற்கும் காடு

மனிதர் வரும்வரை இங்கே தரைவாழ் பாலூட்டிகள் கிடையாது. வௌவால்கள் மட்டுமே இருந்தன. மற்ற இடங்களில் யானையும் மானும் குரங்கும் செய்யும் வேலைகளை இங்கே ஆமைகளும் பறவைகளும் பல்லிகளும் பழந்தின்னி வௌவால்களும் செய்தன. டோடோவும், இரண்டு இன நில ஆமைகளும், அகன்ற அலகுடைய பெருங்கிளியும் காட்டின் பழங்களைத் தின்று வாழ்ந்தன. டச்சுக்காரர்கள் 1598இல் தீவில் இறங்கினார்கள், 1638இல் குடியேறினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ இல்லை. ஆமைகளும் பின்னர் அற்றுப்போயின.

தம்பலகோக் என்னும் மரத்தை ஒட்டி எழுந்த புகழ்பெற்ற விவாதம் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கச் சூழலியலாளர் ஸ்டான்லி டெம்பிள் 1977இல் சயன்ஸ் இதழில் ஒரு கருத்தை முன்வைத்தார். தம்பலகோக்கின் கெட்டியான கொட்டை டோடோவின் இரைப்பையில் அரைபட்டால்தான் முளைக்கும். டோடோ அழிந்ததால் 300 ஆண்டுகளாகப் புதுக் கன்றே இல்லை. எஞ்சியவை 13 கிழட்டு மரங்களே என்றார். உலகமே இந்தக் கதையை விரும்பி ஏற்றது. ஆனால் தீவிலேயே பணிபுரிந்தவர்கள் உடனே மறுத்தார்கள். மரங்கள் அதைவிட மிகப் பல. இளைய மரங்களும் உண்டு. டோடோ இல்லாமலும் கொட்டை முளைக்கிறது என்று காட்டினார்கள். பின்னாளில் தீவின் தாவரவியலாளர்கள் குளோடியா பைடரும் வின்சென்ட் ஃபுளோரன்ஸும் இந்த மரத்தை மீண்டும் ஆராய்ந்து, அதன் இன்றைய நலிவுக்கு அயல் தாவரங்களும் அயல் விலங்குகளும் முக்கியக் காரணம் என்று சுட்டினார்கள். களை பறித்த பகுதிகளில் மரத்தின் நிலை தேறியிருந்தது. அழிந்த பறவைக்காக வருந்துவதில் நின்றுவிட்டவர்கள், பக்கத்திலேயே நின்று நெருக்கும் கொய்யாவைக் கவனிக்கத் தவறினார்கள் என்பதே இந்த விவாதம் தரும் பாடம்.

இன்றும் உயிரோடு இருக்கும் உறவுகள் இன்னும் நுட்பமானவை. ட்ரோகேஷியா என்னும் ஓரிட வாழ்விப் பேரினத்தின், அதாவது உலகில் வேறெங்கும் இயல்பாக வளராத பேரினத்தின், சில பூக்களில் தேன் நிறமுடையது. அந்த நிறம் பகல் நேரத்தில் திரியும் பச்சைப் பல்லிகளை ஈர்க்கிறது. சூழலியலாளர் டென்னிஸ் ஹான்சனும் உடனிருந்தவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு படி மேலே போனது. தாழைப் புதருக்கு அருகில் நிற்கும் ட்ரோகேஷியாச் செடிகள் கூடுதலாகக் காய்த்தன. பல்லிகள் தாழை மடல்களுக்கிடையே ஒளிந்து வாழ்வதே காரணம். தாழையை வெட்டினால் பல்லி போகும். பல்லி போனால் ட்ரோகேஷியா காய்ப்பது குறையும். ரூசியா என்னும் மற்றொரு செடிக்கு மகரந்தம் சேர்ப்பதும் விதை பரப்புவதும் ஒரே பல்லி இனந்தான். வெளியிலிருந்து வந்த ஓர் எறும்பு அந்தப் பூக்களிலும் காய்களிலும் மாவுப்பூச்சிகளை வளர்த்துக் காவல் காக்கிறது, பல்லியை அண்டவிடுவதில்லை. ஆகவே காட்டின் நிலையை அறிய மரங்களை எண்ணினால் மட்டும் போதாது. எந்த உறவு அறுந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

வந்தவையும் வந்த வழியும்

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மொரீஷியஸில் பூர்வகுடிகள் என்று எவரும் இல்லை. ஐரோப்பியரும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் மலகாசியரும், பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கைவினைஞரும், 1834 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியரும், சீனரும் சேர்ந்தே அந்நாட்டு மக்கள் ஆனார்கள். தாவரங்களைக் குறித்துப் பேசும் இயல், அயல் என்னும் சொற்களை மனிதர் மீது ஏற்றுவது அறிவியலும் அல்ல, அறமும் அல்ல. அயல் தாவரங்கள் எல்லாமே கேடு செய்வதும் இல்லை. தீவில் நடப்பட்ட அயல் இனங்களில் பெரும்பாலானவை தோட்டத்தோடு நின்றுவிட்டன. தானே காட்டுக்குள் புகுந்து, பரவி, பிறவற்றை ஒடுக்குபவை சிலவே. ஆக்கிரமிப்பு என்னும் சொல் அந்தச் சிலவற்றுக்கே பொருந்தும்.

அவை வந்த வழிகள் பல. பம்ப்ளமூஸ் தாவரத் தோட்டத்தை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நிர்வாகி பியர் புவாவ்ர் விரிவாக்கியபோது, ஜாதிக்காயும் கிராம்பும் உட்பட உலகின் பல மூலைகளிலிருந்து பயிர்கள் அங்கே வந்து சேர்ந்தன. பழத்துக்காகக் கொய்யா வந்தது. நாருக்காக அமெரிக்க நார்க் கற்றாழை வந்தது. தீவின் சர்க்கரையை அதன் நாரில் நெய்த சாக்குகளில் அடைத்து அனுப்பினார்கள். தீவனத்துக்காகச் சூபாபுல் வந்தது. அழகுக்காக உண்ணிச்செடி வந்தது. முதுமலையில் யானை வழித்தடங்களை அடைத்து நிற்கும் அதே செடி. அதே காலத்தில் கரும்பு வயல்கள் விரிந்து, தாழ்நிலக் காடு அனேகமாக முழுதும் போயிற்று. 1970களில் மேட்டுநிலப் புதர்க்காட்டின் பெரும்பகுதியைக்கூடப் பைன் மரம் நடுவதற்காக அழித்தார்கள். இன்று தரமான இயல் காடு தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 1994இல் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது 6,500 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நிலம் பாதுகாப்பு பெற்றது. ஆனால் கோடரியைத் தடுத்த சட்டத்தால் கொய்யாவைத் தடுக்க முடியவில்லை.

பாதையில் காணும் முக்கிய ஆக்கிரமிப்பாளர்களில் முதலிடம் அந்தக் கொய்யாவுக்கே. மொரீஷியஸ் மக்கள் அதைச் சீனக் கொய்யா என்கிறார்கள். சிவந்த சிறு பழம். உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பார்கள். பழக்காலத்தில் குடும்பம் குடும்பமாக மேட்டுநிலத்துக்கு வந்து பறிப்பதும், சாலையோரம் விற்பதும் அந்நாட்டு வாழ்வின் மகிழ்ச்சிகளில் ஒன்று. மழை மிகுந்த காடுகளில் அது தரையை மூடி, வேறெதுவும் முளைக்க இடமில்லாத அடர்த்தியில் நிற்கிறது.

இரண்டாவது பிரிவெட். மொரீஷியஸும் ரீயூனியனும் அடங்கிய மாஸ்கரீன் தீவுகளில் பரவியுள்ள இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று மரபணு வழியில் ஆராய்ந்தவர்கள், அதன் மூலம் இலங்கை என்று 2004இல் நிறுவினார்கள். இலங்கையில் அது காட்டின் ஓர் உறுப்பினர். அதைத் தின்னும் பூச்சிகளும் அங்கே உண்டு. மொரீஷியஸுக்கும் ரீயூனியனுக்கும் செடி மட்டும் வந்தது, பூச்சிகள் வரவில்லை.

மூன்றாவது குருக்கத்தி. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்ப் பட்டியலில் இடம்பெறும் மலர் இது. மாதவி என்றும் அழைக்கிறோம். மணமும் அழகும் கருதித் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். இறகு பொருந்திய அதன் காய்கள் காற்றில் பறந்து காட்டுக்குள் புகுந்தன. தாழ்வான, வறண்ட மேற்குச் சரிவுகளில் அது மரங்களின் மேலேறி, கூரை முழுதும் பரவி, ஒளியை மறித்து, தாங்கி நிற்கும் மரத்தையே சாய்க்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் சீனக் கொய்யா, பிரிவெட், குருக்கத்தி மூன்றும் உள்ளன. தமிழ் மண்ணில் போற்றப்படும் ஒரு கொடி இன்னொரு மண்ணில் காட்டைக் கொல்கிறது என்னும் உண்மை, கேடு செடியின் இயல்பில் இல்லை, இடம் மாறியதில் இருக்கிறது என்பதற்கு நம்மிடமிருந்தே கிடைத்த சான்று.

நம் வீட்டு முற்றத்துச் செம்பருத்திக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. லெ மோர்ன் குன்றின் பாறைச் சரிவு போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் எஞ்சியுள்ள ஓரிட வாழ்விச் செம்பருத்தி இனம் ஒன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அயல் புதர்களின் நெருக்கடி ஒருபுறம். தோட்டச் செம்பருத்தியோடு கலந்து தன் தனித்தன்மையை இழக்கும் அபாயம் மறுபுறம். அதே லெ மோர்ன் குன்றுதான், நாட்டின் தேசிய மலராக 1992இல் அறிவிக்கப்பட்ட ட்ரோகேஷியா இனத்துக்கும் இயற்கை வாழிடம்.

வெல்வது எப்படி

ஆக்கிரமிப்புத் தாவரம் வெல்வதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. சீனக் கொய்யா நிழலிலும் வளரும்; வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும்; வேர்களிலிருந்தும் புதுத் தண்டு எழும்பும். அதன் பழத்தை உண்ணும் விலங்குகளும் அதைப் போலவே வெளியிலிருந்து வந்தவை. காட்டுப்பன்றி பழத்தைத் தின்று, மண்ணைக் கிளறி, உரமிட்ட படுக்கையில் விதையைப் போட்டுச் செல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வந்த நண்டுதின்னிக் குரங்குகள் கொய்யா விதையைப் பரப்புகின்றன. இயல் மரங்களின் காய்களையோ பழுக்குமுன்பே கடித்து எறிகின்றன. 1639இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான்கள் இளங்கன்றுகளை மேய்கின்றன. 1892இல் வந்த செம்மீசைச் சின்னான், நம் மலைத்தோட்டங்களில் பாடும் அதே பறவை, பிரிவெட் போன்ற செடிகளின் சிறு கனிகளை விழுங்கிக் காடெங்கும் விதைக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு புதிய வலை தெரிகிறது. அயல் செடிக்கு அயல் விலங்கு துணை, அயல் விலங்குக்கு அயல் செடி உணவு. பழைய வலையோ தன் ஆமையையும் பெரும்பறவைகளையும் இழந்து ஏற்கெனவே அறுந்து நிற்கிறது. புயல் ஒரு பெரிய மரத்தைச் சாய்க்கும்போது வெளிச்சம் விழும் அந்த இடத்தை முன்பு இயல் மரக் கன்று நிரப்பும். இப்போது அங்கே காத்திருப்பது கொய்யா.

இந்தத் தோல்வி மெதுவாக நடப்பதால் கண்ணில் படுவதில்லை. தாவரவியலாளர்கள் ரெஜினால்ட் வானும் ஆக்டேவ் வியேயும் 1930களில் மக்காபே காட்டில் நிலத்தை அளந்து, மரங்களையும் செடிகளையும் எண்ணிப் பதிவு செய்தார்கள். 1937இலும் 1941இலும் அவர்களின் ஆய்வுகள் வெளிவந்தன. 1980களில் டேவிட் லாரன்ஸும் ராபர்ட் சஸ்மனும், அதன்பின் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தின் ஃபுளோரன்ஸ் குழுவினரும் இக்காடுகளை மறுபடி அளந்தார்கள். யாரும் வெட்டாத, சட்டத்தால் காக்கப்பட்ட காட்டிலேயே இயல் மரங்கள் குறைந்தும் அயல் தண்டுகள் பெருகியும் வந்திருப்பதை அளவீடுகள் காட்டின. பெரிய மரங்கள் நிற்பதால் காடு நலமாக இருப்பதாகத் தோன்றும். அவற்றின் இடத்தை எடுத்துக்கொள்ளப் பிள்ளைகள் இல்லாத காடு, நிற்கும்போதே செத்துக்கொண்டிருக்கும் காடு.

களை பறித்த காடு சொல்வது

அகற்றினால் மீளுமா என்னும் கேள்விக்குச் சோதனை வழியே விடை தேடிய இடம் மொரீஷியஸ். பாதைக்கு அருகே பிரீஸ் ஃபேர் உள்ளிட்ட பகுதிகளில் 1980களிலிருந்து சில திடல்களுக்கு வேலியிட்டு, மானையும் பன்றியையும் வெளியே நிறுத்தி, அயல் செடிகளைக் கையாலும் அரிவாளாலும் நீக்கினார்கள். கன்றுகளை வேரோடு பிடுங்குவது, பெரியவற்றை வெட்டுவது, துளிர்த்தால் மீண்டும் வந்து வெட்டுவது என்று இடைவிடாத வேலை. ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு விட்டுவிட்டால், திறந்த வெளிச்சத்தில் களை முன்னிலும் கூடுதலாக எழும். முதல் சில ஆண்டுகள் அடிக்கடியும் பின்னர் இடைவெளி விட்டும் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

பலன் பல ஆய்வுகளில் ஒரே திசையில் கிடைத்திருக்கிறது. களை பறித்த திடல்களில் இயல் மரக் கன்றுகள் தாமாக முளைத்தன. அற்றுப்போகும் நிலையிலிருந்த சில இனங்கள் எண்ணிக்கையில் பெருகின. இயல் மரங்கள் கூடுதலாகப் பூத்துக் காய்த்தன. போட்டி நீங்கியதும் பழைய மரங்களுக்கே உயிர் வந்தது. 2010இல் வெளியான ஆய்வு, களை நீக்கிய காட்டில் இயல் வண்ணத்துப்பூச்சிகள் இனத்திலும் எண்ணிக்கையிலும் மிகுந்திருப்பதைக் காட்டியது. 2020இல் வெளியான மற்றொன்று, தீவின் பழந்தின்னி வௌவாலுக்கு அத்தகைய காடு மேலான இரைதேடும் இடமாவதைக் காட்டியது. யாரும் நடாமலே இவ்வளவும் நடந்தன. மண்ணுக்குள் விதையும், மரத்தில் உயிரும் இன்னும் இருந்தன என்பதுதான் இதன் பொருள்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. காடு முற்றாகச் சிதைந்த இடங்களில் விதையே மிஞ்சவில்லை. நாற்றங்கால் வைத்து நட வேண்டியிருக்கிறது. தென்கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள ஈல் ஓ எக்ரெத் என்னும் 26 ஹெக்டேர்ப் பவளத்தீவில் மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளை அந்த வழியில் உழைத்து, விறகுக்காக வெட்டப்பட்டுச் சிதைந்த கருங்காலிக் காட்டை மீட்டெடுத்தது. 2000ஆம் ஆண்டில் அங்கே அல்டாப்ரா தீவின் பெரிய நில ஆமைகளை விட்டார்கள். அழிந்துபோன மொரீஷியஸ் ஆமையின் இடத்தில் அவை கருங்காலிப் பழத்தைத் தின்று, விதைகளைத் தூரமாகக் கொண்டுசேர்த்தன. ஆமையின் குடலைக் கடந்து வந்த விதைகள் மேலும் நன்றாக முளைப்பதை 2011இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. அறுந்த உறவு ஒன்று மாற்று உயிரின் வழியே மறுபடி முடிச்சிடப்பட்டது.

மாற்றுக் கருத்துகள்

இந்த முயற்சிகளை ஐயுறுவோரும் உண்டு. அவர்களின் வாதங்கள் ஒதுக்கத்தக்கவை அல்ல.

அயல் மரமும் அரிய உயிரைக் காக்கும் என்பது முதல் வாதம். இதற்கு வலுவான சான்று உண்டு. மொரீஷியஸின் இளஞ்சிவப்புப் புறா 1990களின் தொடக்கத்தில் இயற்கையில் பத்து அளவுக்குச் சுருங்கியபோது, அது கூடுகட்டிப் பிழைத்த இடங்களில் முக்கியமானது ஜப்பானியக் கிரிப்டோமேரியா மரத்தோப்பு. எலியும் குரங்கும் அந்த மரங்களை அதிகம் நாடாததால் முட்டைகள் தப்பின. அந்தத் தோப்பை அயல் மரம் என்று சொல்லி அன்று வெட்டியிருந்தால் புறாவும் போயிருக்கும். அல்டாப்ரா ஆமையும் கணக்குப்படி அயல் உயிர்தான். ஆகவே வந்த ஊரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்னும் கருத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த அளவுகோலைக் கொய்யாவின் மீது வைத்துப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியும் வௌவாலும் இயல் மரக் கன்றும் அதற்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

இது முடியாத வேலை, செலவுக்குக் கட்டாது என்பது இரண்டாம் வாதம். தீவிரமாகக் களை பறிக்கப்பட்ட பரப்பு இன்றும் சில நூறு ஹெக்டேர்களே. பூங்காவின் மிகுதியில் கொய்யா பரவிக்கொண்டிருக்கிறது. இங்கே உயிரியல் கட்டுப்பாடு பற்றிய பேச்சு எழுகிறது. ஹவாயில் இதே கொய்யாவின் வீரியத்தைக் குறைக்க, பிரேசிலிலிருந்து ஒரு செதில்பூச்சியை ஆராய்ந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பிரிவெட்டுக்கு எதிராக இலங்கையில் பூச்சிகளைத் தேடிய முயற்சியும் நடந்தது. ஆனால் மொரீஷியஸில் கொய்யா மக்களின் விருப்பப் பழம். அதற்குப் பூச்சியை விடுவது மக்கள் ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது. காட்டுக்கு வெளியே, வேலியிட்ட தோட்டங்களில் பழத்தை வளர்த்துக்கொண்டு, காட்டுக்குள் அதன் பிடியைத் தளர்த்தும் வழிகளைப் பேசித் தீர்மானிப்பதே நேர்மையானது.

காடு எப்போதும் மாறிக்கொண்டே இருப்பது, கலப்புக் காட்டையே புதிய இயற்கையாக ஏற்றுக்கொள்ளலாமே என்பது மூன்றாம் வாதம். மாற்றம் உண்மைதான். ஆனால் உலகில் வேறெங்கும் இல்லாத 270 இனங்களின் வீடு இது. பிரேசிலின் கொய்யாவுக்குப் பிரேசில் இருக்கிறது. குருக்கத்திக்கு இந்தியா இருக்கிறது. தம்பலகோக்குக்கு மொரீஷியஸை விட்டால் போக்கிடம் இல்லை. இழப்பு சமமாக இல்லாதபோது நடுநிலை என்பது வலியவன் பக்கம் நிற்பதே ஆகும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, எஞ்சியுள்ள நல்ல காட்டில் களை பறிப்பை விரிவாக்குவது. சிதைந்த இடத்தில் புதிதாக நடுவதைவிட, இன்னும் உயிருள்ள இடத்தில் நெருக்கடியை நீக்குவது குறைந்த செலவில் மிகுந்த பலன் தருகிறது. திட்டப் பணம் இருக்கும் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குச் செய்துவிட்டு நிறுத்துவது வீண். இதற்கு நிலையான ஊதியமும் பயிற்சியும் உடைய பணியாளர் வேண்டும். இயல் கன்றையும் களைக் கன்றையும் கையளவு உயரத்திலேயே பிரித்தறியும் கண், ஆண்டுக்கணக்கான பழக்கத்தில்தான் வரும்.

இரண்டாவது, எஞ்சியுள்ள உறவுகளைக் காப்பது. இன்று பெரிய விதைகளைப் பரப்பும் பெரும்பணியைச் செய்பவை பழந்தின்னி வௌவால்கள். லிச்சியையும் மாம்பழத்தையும் தின்கின்றன என்னும் குற்றச்சாட்டில் 2015இலும் 2016இலும் 38,000க்கும் மேற்பட்ட வௌவால்களைக் கொன்றார்கள். 2018இல் அந்த இனம் அழியும் நிலையில் உள்ளது என்று தரம் மாற்றப்பட்டது. பழத்தோட்டத்துக்கு வலை போட உதவுவதும், காட்டை மீட்டு வௌவாலுக்கு அங்கேயே உணவு கிடைக்கச் செய்வதும் உழவர், காடு இரண்டுக்கும் நல்ல வழி. காய்களைக் காயாகவே அழிக்கும் குரங்கு, கன்றைத் தின்னும் மான், மண்ணைக் கிளறும் பன்றி, எலி ஆகியவற்றைக் கட்டுப்படுத்தாமல் களையை மட்டும் பறிப்பது பாதி வேலை.

மூன்றாவது, புதிய நுழைவைத் தடுப்பது. துறைமுகத்திலும் நாற்றங்கால்களிலும் கண்காணிப்பு வேண்டும். வீட்டுத் தோட்டங்களில் இயல் மரங்களை நடும் வழக்கம் பரவ வேண்டும். சாமரேல் அருகே உள்ள கருங்காலிக் காட்டுக் காப்பிடம் போன்ற தனியார் முயற்சிகள் பயணிகளையே மீட்புப் பணியின் ஆதரவாளர்களாக மாற்றிக் காட்டுகின்றன.

நான்காவது, நடப்பவரின் பங்கு. காலணியின் அடியில் ஒட்டிய மண்ணில் விதைகள் பயணம் செய்கின்றன. பாதையில் இறங்குமுன்னும் ஏறியபின்னும் காலணியைத் துலக்குவது, பாதையை விட்டு விலகாதிருப்பது, கொய்யாவைத் தின்றால் அதன் விதையைக் காட்டுக்குள் உமிழாதிருப்பது, பூவென்று எதையும் பறித்து இன்னொரு இடத்தில் ஊன்றாதிருப்பது ஆகியவை எவராலும் செய்யக்கூடியவை. பாதை ஓரங்களில் இயல் மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைத்தால், நடப்பவர் இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்பார். பெயர் தெரியாத மரத்துக்காக யாரும் குரல் கொடுப்பதில்லை.

ஆய்வுகள் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தபின் எனக்கு மிஞ்சுவது நம்பிக்கைதான். 1974இல் நான்கே நான்காகக் குறைந்திருந்த மொரீஷியஸ் வல்லூறு இன்றும் இந்தப் பள்ளத்தாக்கில் பறக்கிறது. பத்தாகச் சுருங்கிய புறா நூற்றுக்கணக்கில் பெருகியது. அவற்றை மீட்டது பல பத்தாண்டுகள் விடாமல் உழைத்த மனிதர்களின் கை. தாவரங்களுக்கு அந்த அளவு கவனமும் பணமும் இன்னும் கிடைக்கவில்லை. மரம் பறப்பதில்லை, கூவுவதில்லை. அது அழிவதும் ஓசையில்லாமல் நடக்கிறது. ஆனால் அந்தப் பறவைகள் அமரவும் உண்ணவும் ஒரு காடு வேண்டும். அதற்கான விதை இன்னும் மண்ணில் இருக்கிறது, வழியும் தெரிந்திருக்கிறது. களை பறிக்கும் கைகளுக்கு ஆண்டுதோறும் தவறாமல் கூலி கொடுக்கும் அரசியல் உறுதி ஒன்றே இன்று குறை. அதைக் கேட்டு வாங்குவது இந்தக் காட்டை நேசிப்பவர் ஒவ்வொருவரின் பொறுப்பு.